பெஞ்ச் டிரில்லிங் மிஷின்: என்ன கோளாறு, எங்கே பார்ப்பது, எதைக் கண்டால் வாங்காமல் திரும்புவது

சூலூர்ப் பக்கம் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை, அதில் செகண்ட்ஸில், அதாவது பழசாக வாங்கிய 13 மி.மீ. பெஞ்ச் டிரில்லிங் மிஷின் (மேசை மேல் வைத்து ஓட்டை போடுவது) ஒன்று நிற்கிறது. வாங்கிய முதல் ஆறு மாதம் அது படுத்திய பாட்டில் அதன் ஒவ்வொரு மறையையும் கழற்றி மாட்டிப் பழகிவிட்டேன். அது தெரிந்ததும் மச்சான், பெரியம்மா பையன், தறிக்குடோன் வைத்திருக்கும் சிநேகிதர் என்று ஆளாளுக்குப் போன் அடிக்க ஆரம்பித்தார்கள். "ஏனுங்ணா, உம்முன்னு சத்தம் மட்டும் வருதுங்க, சுத்தவே மாட்டேங்குது" என்பதில் தொடங்கி, சக் (பிட்டைக் கவ்விப் பிடிக்கும் வாய்) கழன்று காலில் விழுந்த கதை வரைக்கும் கேட்டாயிற்று. கேள்விகள் எட்டோ பத்தோதான், திரும்பத் திரும்ப அதே. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

மிஷின் வாங்கப் போகிறவர்களுக்கும் இதே பட்டியல்தான். எந்தக் கம்பெனி நல்லது என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது, ஆனால் எந்தக் கோளாறு எவ்வளவு செலவு வைக்கும் என்று தெரியும். மோட்டார், ஒயர், பெல்ட் இதில் வருவதெல்லாம் எங்கள் ஊரில் சில்லறைச் செலவு; அதைக் காட்டியே விலையைக் குறைத்துப் பேசலாம். சக்கும் பேரிங்கும் கொஞ்சம் யோசிக்க வேண்டியவை. ஸ்பிண்டிலும் (சக்கைச் சுற்றும் அச்சு) குயிலும் தேய்ந்த மிஷினைச் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள். குயில் என்றால் கூவுகிற குயில் இல்லை, கைப்பிடியைத் திருப்பினால் சக்கோடு சேர்ந்து மேலும் கீழும் போய்வரும் அந்தக் குழாய்; என் வாயில் அதன் பெயர் குயில்தான்.

கீழே எங்கெல்லாம் கையை வைக்கச் சொல்கிறேனோ, அங்கெல்லாம் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான். சுவிட்சை அணைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள், பிளக் கையில் இருக்க வேண்டும்.

சுவிட்சைப் போட்டால் ஒன்றுமே நடக்கவில்லை

முதலில் அதே பாயிண்டில் ஒரு டேபிள் ஃபேனை மாட்டிப் பாருங்கள். சிரிக்காதீர்கள், பாதிக் கேஸ் இங்கேயே முடிந்திருக்கிறது.

ஃபேன் ஓடுகிறது, மிஷின் ஓடவில்லை என்றால் சுவிட்ச் எந்த மாதிரி என்று பாருங்கள். பச்சை, சிவப்புப் பட்டன் வைத்த சுவிட்ச் என்றால் கரண்ட் போய் வந்த பிறகு அது தானாக ஓடாது, பச்சையை மறுபடி அழுத்த வேண்டும். அது கோளாறு இல்லை, பாதுகாப்பு. சில மிஷின்களில் பெல்ட் மூடிக்கு அடியில் ஒரு சின்ன சுவிட்ச் ஒளிந்திருக்கும். மூடி சரியாக உட்காராவிட்டால் மோட்டாருக்குக் கரண்டே போகாது. மச்சான் வீட்டுக்கு இதற்காகவே பல்லடம் வரை வண்டியை எடுத்துக்கொண்டு போய், மூடியை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, டீ குடித்துவிட்டு வந்தேன்.

அதுவும் இல்லையா, பிளக்குக்குள் ஒயர் கழன்றிருக்கிறதா, ஒயர் மிஷினுக்குள் நுழையும் இடத்தில் மடங்கி முறிந்திருக்கிறதா என்று மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். அடுத்தது சுவிட்ச். இரும்புத் தூள் உள்ளே போய் முனை கருகியிருக்கும், மாற்றிவிட வேண்டியதுதான். மோட்டார் தொட முடியாத சூட்டில் இருந்தால் உள்ளே இருக்கும் கட்-அவுட் வேலை செய்திருக்கலாம், அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள். இத்தனைக்கும் அசையவில்லை என்றால் காயில் (மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் கம்பி) போயிருக்கும், அதை மறுபடி கட்டித் தரும் ரிவைண்டிங் கடைக்குத்தான்.

சுவிட்ச் போட்டதும் எம்சிபி விழுந்துவிடுகிறது என்றால் இரண்டாவது முறை போட்டுப் பார்க்க வேண்டாம். நேராக எலக்ட்ரீஷியன்.

உம் என்கிறது, சுற்றவில்லை

உடனே அணையுங்கள். சுற்றாத மோட்டாரை உம்மென்று விட்டுவைத்தால் காயில் கருகும், நூறு இருநூறில் முடிய வேண்டியது ஆயிரத்துக்குப் போய்விடும்.

பிளக்கைப் பிடுங்கிப் பெல்ட்டைக் கழற்றுங்கள். மோட்டார் புல்லியைக் கையால் சுற்றுங்கள், அப்புறம் ஸ்பிண்டில் புல்லியைத் தனியாகச் சுற்றுங்கள். எது இறுகி நிற்கிறதோ கோளாறு அந்தப் பக்கம். இரண்டும் வெண்ணெயாகச் சுற்றினால் பெல்ட் இல்லாமலே ஒரு முறை சுவிட்சைப் போடுங்கள். ஓடினால் மோட்டார் கெடவில்லை. பெல்ட்டை வீணைத் தந்தி மாதிரி இழுத்துக் கட்டியிருப்பீர்கள், இல்லையென்றால் வோல்டேஜ் குறைவு. எங்கள் பக்கம் சாயங்காலம் தறியெல்லாம் ஓடும்போது 230 இருக்க வேண்டிய இடத்தில் 180 காட்டிய நாள் உண்டு. 180-ல் மோட்டாரின் இழுவை முக்கால்வாசி இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள், அது சுமார் 60 சதவீதத்துக்கு இறங்கிவிடும். வீட்டிலிருந்து கொட்டகைக்கு மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயர் இழுத்திருந்தால் அதிலும் கொஞ்சம் போகும். மிஷின் ஓடும்போது பாயிண்டில் மீட்டர் வைத்துப் பாருங்கள், அப்போது தெரியும் கணக்கு.

பெல்ட் இல்லாமலும் உம் என்றால் கப்பாசிட்டர். பத்தில் எட்டு முறை அதுதான். மோட்டார் மேல் முதுகில் பொதி மாதிரி ஒரு டப்பா இருக்கும், உள்ளே உருளை. உப்பியிருந்தாலோ எண்ணெய் கசிந்திருந்தாலோ சந்தேகமே வேண்டாம். தொடுவதற்கு முன்னால் ஹோல்டரில் மாட்டிய குண்டு பல்பு ஒன்றை அதன் இரண்டு முனைக்கும் வைத்து உள்ளே இருக்கும் சார்ஜை இறக்குங்கள், ஸ்க்ரூ டிரைவரைக் குறுக்கே வைத்துப் பட்டாசு வெடிக்கிற வேலை வேண்டாம். புதியது வாங்கும்போது மைக்ரோஃபாரட் எண் அதே இருக்க வேண்டும், வோல்ட் எண் அதேயோ கூடவோ இருக்கலாம். பழையதைக் கையில் கொண்டுபோய் "இதே மாதிரி" என்று கேட்பதுதான் நல்லது.

கப்பாசிட்டர் மாற்றியும் தீரவில்லை என்றால் மோட்டார் உள்ளே, அது வேகம் எடுத்ததும் தானாக விலகும் சென்ட்ரிஃப்யூகல் சுவிட்ச். நல்லாயிருந்த நாட்களில் மோட்டாரை அணைத்து அது வேகம் குறையும்போது 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டிருக்கும். அந்த டிக் இப்போது இல்லை என்றால் முனை தேய்ந்தோ தூசி அடைந்தோ இருக்கும். ஆடிக் காற்றில் கொட்டகைக்குள் வந்து சேரும் மண்ணுக்கு இது அடிக்கடி நடக்கும். இதைத் திறப்பது உங்களுக்குப் பழக்கம் இல்லை என்றால் விட்டுவிடுங்கள். 1937-லேயே ஜி.டி.நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் மோட்டார் செய்து காட்டிய ஜில்லா இது, கிணற்று மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர் ஊருக்கு ஒருவராவது இருப்பார், அவருக்கு நம் அரை ஹெச்பி மோட்டார் டீ குடிக்கிற நேரத்து வேலை. அதனால்தான் மோட்டார் கோளாறைக் கண்டு நல்ல மிஷினை விட்டுவிடாதீர்கள் என்கிறேன்.

பட்டறையில் ஓடியது, வீட்டில் ஓட மாட்டேன் என்கிறது

மூடுகிற பட்டறைகளிலிருந்து வரும் மிஷின்களில் இது நடக்கும். கோவைப் பக்கம் செகண்ட்ஸில் கிடைக்கும் கனமான, நல்ல வார்ப்பு மிஷின்கள் பலவும் மூன்று பேஸ். வீட்டில் ஒரு பேஸ். மோட்டார் தகட்டைப் படித்துவிட்டு வாங்கியிருக்க வேண்டும், நானும் படிக்கவில்லை.

மலிவான வழி, அந்த மோட்டாரை விற்றுவிட்டு அதே வேகம், அதே ஷாஃப்ட் அளவில் ஒரு பேஸ் மோட்டார் போடுவது. ஷாஃப்ட் அளவு மாறினால் புல்லியைக் கடைய வேண்டிவரும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொரு வழி விஎஃப்டி டிரைவ்: ஒரு பேஸை உள்ளே வாங்கி மூன்று பேஸாக வெளியே தரும், பெல்ட் மாற்றாமலே வேகத்தையும் கூட்டிக் குறைக்கலாம். ஆனால் அதிலிருந்து வருவது 230 வோல்ட்தான், ஆகவே மோட்டார் தகட்டில் டெல்டாவுக்கு 230, ஸ்டாருக்கு 415 என்று (காயிலை இணைக்கும் இரண்டு முறைகள்) இரண்டும் இருந்து, ஆறு முனையும் வெளியே வந்திருந்தால்தான் ஒத்துவரும். மூன்று முனை மட்டும் வெளியே இருந்தால் ரிவைண்டிங் கடைக்காரர் பிரித்து எடுத்துக் கொடுக்க வேண்டும்.

மூன்று பேஸ் இணைப்பிலேயே ஓட்டுகிறவருக்கு சக் எதிர்ப்பக்கமாகச் சுற்றினால் பயப்பட ஒன்றுமில்லை, ஏதாவது இரண்டு பேஸை இடம் மாற்றச் சொல்லுங்கள். இது தெரியாமல் ஒருவர் பின்பக்கமாகச் சுற்றும் மிஷினில் நாலு பிட்டைக் கருக்கிவிட்டு, பிட் போலி என்று கடையில் சண்டைக்குப் போனார்.

தொட்டால் சுர்ரென்று இழுக்கிறது

நிறுத்துங்கள். எர்த் இல்லை, அல்லது காயில் பாடியில் இறங்குகிறது. செருப்புப் போட்டுக்கொண்டு ஓட்டுவது தீர்வு இல்லை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிசெய்து, கொட்டகை லைனுக்கு கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றும் போடச் சொல்லுங்கள்.

அழுத்தினால் நின்றுவிடுகிறது

எது நிற்கிறது என்று பாருங்கள். மோட்டார் ஓடிக்கொண்டே சக் மட்டும் நின்றால் வழுக்கல்; மோட்டாரும் சேர்ந்து திணறினால் நீங்கள் அதிகம் கேட்கிறீர்கள்.

வழுக்கலில் முதல் சந்தேகம் பெல்ட். நடுவில் விரலால் அழுத்தினால் ஒரு செ.மீ. அளவுக்கு உள்ளே போக வேண்டும். பக்கங்கள் கண்ணாடி மாதிரி பளபளத்தாலோ, அடியில் வெடிப்பு விட்டிருந்தாலோ மாற்றுங்கள். முதுகில் நம்பர் இருக்கும், ஏ என்று ஆரம்பித்தால் மேல் அகலம் 13 மி.மீ. நம்பர் அழிந்திருந்தால் பழைய பெல்ட்டையே கொண்டுபோங்கள். அடுத்தது புல்லி: அதை ஷாஃப்டோடு பிடிக்கும் கிரப் ஸ்க்ரூ லூசாகி, ஷாஃப்ட் உள்ளே தனியாகச் சுற்றிக்கொண்டிருக்கும். எல்-கீ போட்டு இறுக்கினால் சரி. சாவிப் பள்ளம் அகன்று போயிருந்தால் லேத்துப் பட்டறைக்குப் போக வேண்டும்.

மோட்டாரே திணறுகிறது என்றால் பிட் மழுங்கியிருக்கும், அல்லது வேகம் தப்பு. இரும்புக்கு ஹெச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) பிட் போடும்போது நான் வைத்திருக்கும் கணக்கு, 8000-ஐ பிட்டின் மி.மீ. அளவால் வகுப்பது. 10 மி.மீ. பிட்டுக்கு 800 சுற்று, 6-க்கு 1300, 12-க்கு 650 சுமாராக. எவர்சில்வருக்கு அதில் பாதி, அலுமினியத்துக்கு இரண்டு பங்கு. பெல்ட்டை மாற்றச் சோம்பேறித்தனப்பட்டு எப்போதும் ஒரே படியில் ஓட்டுகிறவர்கள்தான் நிறைய, நானும் அதில் ஒருவன். அதோடு 10 மி.மீ.க்கு மேல் போகும்போது முதலில் 5 மி.மீ.யில் ஒரு வழி போட்டுவிட்டுப் பெரியதை இறக்கினால் மிஷினுக்கும் கைக்கும் வலி இல்லை.

வாங்கப் போகிறவர்கள் இங்கே கவனியுங்கள்: கடைக்காரர் 'அதிகபட்ச வேகம்' எவ்வளவு என்று பெருமையாகச் சொல்வார். குறைந்தபட்ச வேகம் எவ்வளவு என்று கேளுங்கள். குறைந்ததே 600 என்றால் இரும்பில் 13 மி.மீ. வரை ஓட்டலாம், ஹோல் சா (பெரிய வட்ட ஓட்டை வெட்டும் ரம்பம்) எல்லாம் கனவு, 50 மி.மீ. ஹோல் சாவுக்கு அதே கணக்கில் 160 சுற்றுத்தான் வருகிறது.

பிட் முனை ஆடுகிறது, ஓட்டை பெரிதாக விழுகிறது

இதுதான் அதிகம் பேர் கேட்பது, இதில்தான் அதிகம் பேர் அவசரப்பட்டுப் புது சக் வாங்கிக் காசைக் கரைப்பதும். பொறுமையாக மேலிருந்து கீழே வராமல், கீழிருந்து மேலே போங்கள்.

பிட்: கண்ணாடித் துண்டு மேல் வைத்து உருட்டுங்கள். முனை எழும்பி எழும்பி விழுந்தால் வளைந்திருக்கிறது. நேராக உருண்டும் ஓட்டை பெரிதாக வந்தால் சாணை பிடித்தது தப்பு, இரண்டு உதடும் ஒரே நீளத்தில் இருக்காது. ஓட்டை போடும்போது ஒரு பக்கம் மட்டும் சுருள் வந்தால் இதுதான். கடையில் வாங்கிய புது பிட் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். ஆட்டம் போய்விட்டால் மிஷினைத் திட்டியதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்ளுங்கள். பஞ்ச் குறி போடாமல் நேராக இறக்கினாலும் முனை நழுவி இப்படித்தான் தோன்றும்.

பிட் பிடிக்கும் இடம்: சக்குக்குள் நழுவிச் சுற்றிய பிட்டின் தண்டில் பிசிறு எழும்பியிருக்கும், அரத்தால் லேசாக எடுங்கள். சக் தாடைகளுக்குள் பழைய சுருள் சிக்கியிருக்கும், முழுக்கத் திறந்து மண்ணெண்ணெய் விட்டு பிரஷ் போட்டுத் துடைத்து, திருப்பூர் பனியன் வேஸ்ட் இருந்தால் அதாலேயே உலர்த்துங்கள். பிட்டை மாட்டும்போது சக் சாவியை ஒரு ஓட்டையில் மட்டும் போட்டு இறுக்காமல் மூன்றிலும் சுற்றி இறுக்குங்கள். இது சின்ன விஷயம் மாதிரி தெரியும், செய்து பாருங்கள்.

இவ்வளவுக்கும் ஆடினால்தான் டயல் கேஜை (நுண்ணிய ஆட்டத்தை முள்ளில் காட்டும் கருவி) எடுக்க வேண்டும். நேரான ஒரு 10 மி.மீ. பாலிஷ் ராடை, அல்லது புது பிட்டின் வழுவழுத் தண்டைத் தலைகீழாகச் சக்கில் பிடித்து, சக்குக்கு இரண்டு அங்குலம் கீழே டயலை வைத்துக் கையால் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். முள் 0.1 மி.மீ.க்குள் ஆடினால் வீட்டு வேலைக்குப் போதும், 0.05-க்குள் இருந்தால் கண்ணூறு கழித்துக்கொள்ளுங்கள். டயல் இல்லாதவர்கள் மேசையில் ஒரு இரும்புக் கட்டையை ராடுக்கு உரசும்படி வைத்து, இடைவெளி அதிகமாகும் இடத்தில் சாதாரண 80 ஜிஎஸ்எம் ஏ4 தாளை நுழையுங்கள், அதன் கனம் கிட்டத்தட்ட 0.1 மி.மீ. ஒரு தாள் இறுக்கமாகப் போனால் பரவாயில்லை, நாலு தாள் போனால் பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன்.

அப்புறம் வழி இரண்டாகப் பிரிகிறது. ராடைக் கழற்றி, அரைச் சுற்று மாற்றி மறுபடி மாட்டிப் பாருங்கள். ஆட்டம் அதிகமாகும் இடம் ஒவ்வொரு முறையும் மாறினால் சக் தாடை தேய்ந்துவிட்டது; புது சக் போடுங்கள், டேப்பர் (சக் ஏறி உட்காரும் கூம்பு) அளவைப் பார்த்து வாங்குங்கள். எத்தனை முறை மாட்டினாலும் அதே இடத்தில் அதே அளவு என்றால் சக்குக்கு மேலே போக வேண்டும். சக்கைக் கழற்றி டேப்பரைத் துடைத்து மறுபடி மாட்டுங்கள், ஒரே ஒரு சுருள் துண்டு நடுவில் மாட்டினாலே இத்தனை ஆட்டமும் வரும். துடைத்தும் போகவில்லை என்றால் சக் இல்லாமல் ஸ்பிண்டில் டேப்பரிலேயே டயலை வையுங்கள். அங்கேயும் ஆடினால் பேரிங், அல்லது ஸ்பிண்டிலே வளைவு. பேரிங் மாற்றலாம். வளைந்த ஸ்பிண்டிலை நிமிர்த்தித் தருகிறேன் என்று சொல்கிறவரிடம் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். புதிதாகக் கடைந்து கிரைண்ட் செய்ய ஆகும் காசுக்கு இன்னொரு பழைய மிஷின் கிடைக்கும்.

குயில் ஆட்டம் தனி. கைப்பிடியை இறக்கிக் குயிலை முழுக்க வெளியே கொண்டுவந்து, சக்கைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் அசையுங்கள். 'கடக் கடக்' என்றால் குயிலுக்கும் தலைக்கும் நடுவே இடைவெளி விழுந்துவிட்டது. சில மிஷின்களில் தலையின் பக்கவாட்டில் இதற்கென்றே ஒரு ஸ்க்ரூவும் லாக் நட்டும் இருக்கும், கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, குயில் பிடிக்காமல் ஓடும் இடத்தில் நிறுத்துங்கள். அந்த ஸ்க்ரூ இல்லாத மிஷினில் ஆட்டம் இருந்தால் வைத்தியம் இல்லை.

செகண்ட்ஸ் வாங்கப் போனால் நான் முதலில் செய்வது இந்த ஆட்டிப் பார்க்கும் வேலைதான், சுவிட்சைப் போடுவது அப்புறம். ஒரு கடையில் "ஓட்டிப் பாருங்க சார், பூனை நடக்கிற மாதிரி இருக்கும்" என்றார். உண்மைதான், பூனை மாதிரித்தான் ஓடியது. கெட்டிக் கிரீஸை அள்ளி அடைத்திருந்தார். குயிலை இறக்கி ஆட்டினேன், பல் விழப்போகும் பையன் பல் மாதிரி ஆடியது. புது பெயிண்ட் வேறு அடித்திருந்தார்கள்.

சக் கழன்று விழுகிறது

இதற்கு ஃபெவிகுவிக் போடுகிறவர்களை எனக்குத் தெரியும். போடாதீர்கள். டேப்பரைப் பிடித்து வைப்பது சுத்தம்தான், எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பிடிக்காது.

குயிலின் பக்கத்தில் நீளவாக்கில் ஓர் ஓட்டை தெரிகிறதா? தெரிந்தால் ஆப்பு மாதிரி இருக்கும் டிரிஃப்டை அதில் நுழைத்து ஒரு தட்டு, சக் தண்டோடு வந்துவிடும். கீழே பலகை வையுங்கள். வெளியே, உள்ளே இரண்டு டேப்பரையும் தின்னர் தொட்ட துணியால் துடையுங்கள், விரல் எண்ணெய்கூடப் படக் கூடாது. மேலே ஏற்றுவதற்கு முன் சக்கின் தாடைகளை முழுக்க உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அடி தாடை முனையில் விழும், ஆட்டத்தை நீங்களே உண்டாக்கியது போல ஆகும். கையால் வேகமாக ஏற்றி, அடியிலிருந்து கொட்டாப்புளியால் ஒரே ஒரு அடி. இரும்புச் சுத்தி வேண்டாம்.

அப்படியும் விழுந்தால் டேப்பரில் கீறல் இருக்கிறதா பாருங்கள். சின்ன மேட்டை எண்ணெய்க் கல்லால் மட்டும் எடுக்கலாம். உள் டேப்பர் வரி வரியாக உழுத நிலம் மாதிரி இருந்தால் அதை வழித்துச் சீராக்கும் ரீமர் வைத்திருக்கும் லேத்துப் பட்டறைக்காரரிடம் கொடுங்கள். இன்னொரு காரணம், டிரில்லிங் மிஷினில் பக்கவாட்டில் தள்ளி மில்லிங் செய்வது. பக்கத்து அழுத்தத்துக்கு டேப்பர் கழன்றுவிடும். அதற்கு வேறு மிஷின் இருக்கிறது.

புதிதாக வாங்குகிறவர்கள் முடிந்தால் ஸ்பிண்டிலிலேயே எம்டி 2 (மோர்ஸ் டேப்பர், 2-ஆம் அளவு) டேப்பர் இருக்கும் மிஷினாகப் பாருங்கள். சக் போனால் சக்கோடு போகும், மிஷின் தப்பிக்கும்.

ஓட்டை சாய்ந்து விழுகிறது

மேசையைத் துடையுங்கள். வைஸுக்கு அடியில் ஒரு சுருள் கிடந்தாலே ஓட்டை கோணல்.

துடைத்தாயிற்றா, சைக்கிள் கம்பி ஒன்றை எல் மாதிரி வளைத்துச் சக்கில் மாட்டி, முனை மேசையை உரசும்படி இறக்கி, கையால் முழுச் சுற்றுச் சுற்றுங்கள். முன்னால் உரசிப் பின்னால் எழும்பினாலோ, இடப்பக்கமும் வலப்பக்கமும் மாறினாலோ அந்தத் திசையில் மேசை சாய்ந்திருக்கிறது. இடம் வலம் சாய்வை மேசைக்கு அடியில் இருக்கும் போல்ட்டை லூசாக்கிச் சரிசெய்யலாம். சாய்வுக் கோட்டில் இருக்கும் டிகிரிக் குறியை நம்ப வேண்டாம். முன் பின் சாய்வுக்குத் திருகு எதுவும் இருக்காது. குளிர்பான டின் தகடு வெட்டி மேசைக்கும் அதன் தாங்கிக்கும் நடுவே ஒன்றிரண்டு வைத்தால் சரியாகும், அந்தத் தகடும் சுமார் 0.1 மி.மீ. கனம்தான்.

கம்பி சோதனையில் நேராக இருந்தும் ஓட்டை போடும்போது மட்டும் சாய்ந்தால் மேசை அழுத்தத்துக்குத் தாழ்கிறது. பிட் இல்லாமல் மரக்கட்டையைச் சக்குக்கு அடியில் வைத்து அழுத்துங்கள், மேசை முன்பக்கம் இறங்குவது கண்ணுக்கே தெரியும். பில்லரை (மேசையைத் தாங்கும் தூண்) பிடிக்கும் கிளாம்ப்பை இறுக்குங்கள், அடித்தட்டுப் போல்ட்டைப் பாருங்கள், பிட்டைச் சாணை பிடித்துக் குறைந்த அழுத்தத்தில் ஓட்டுங்கள். அப்படியும் இறங்கினால் வார்ப்பு மெலிசு. புது மிஷின் வாங்கும் கடையில் இந்தச் சோதனையை ஓரக்கண்ணால் செய்துவிடுங்கள், இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய மிஷின்தான் பெரும்பாலும் இதில் தேறுகிறது.

சத்தம்

பெல்ட்டைக் கழற்றி மோட்டாரை மட்டும் ஓட்டுங்கள். சத்தம் தொடர்ந்தால் மோட்டார் பேரிங், இல்லையென்றால் மேல் பக்கம். கிறீச் என்பது பெல்ட், கடகட என்பது பெரும்பாலும் லூசான புல்லி அல்லது மூடியின் ஸ்க்ரூ, கர்ர்ர் என்று மாவு மில் மாதிரி வருவது பேரிங். பேரிங் ஓரத்தில் நம்பர் அடித்திருக்கும், அதே நம்பரை ஜோடியாக மாற்றுங்கள். புல்லர் இல்லாமல் சுத்தியால் தட்டி எடுப்பதாக இருந்தால் பட்டறையில் கொடுத்துவிடுவது லாபம்.

பிட் நீலமாகிறது, புகைகிறது

வேகம் அதிகம், அல்லது மழுங்கல், அல்லது எண்ணெய் இல்லை. இரும்புக்குக் கட்டிங் ஆயில், கையில் இல்லையென்றால் தேங்காய் எண்ணெய் விட்டுக்கூட ஓட்டியிருக்கிறேன், அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய். எவர்சில்வரில் மட்டும் தயங்கித் தயங்கித் தொடாதீர்கள். பிட் உரசிக்கொண்டே நின்றால் அந்த இடம் இறுகிவிடும், பிறகு புது பிட்டும் ஏறாது. குறைந்த வேகம், விடாத அழுத்தம், சுருள் வந்துகொண்டே இருக்க வேண்டும்.

கைப்பிடி மேலே ஏறவில்லை, அல்லது படாரென்று ஏறுகிறது

ஏறவில்லை என்றால் முதலில் குயிலைத் துடைத்து மெல்லிய எண்ணெய் விடுங்கள். ஐப்பசி மழைக்குப் பிறகு துரு பிடித்து ஒட்டிக்கொள்வது சகஜம். குயில் லாக் ஸ்க்ரூ பாதி இறுகி இருக்கிறதா என்றும் பாருங்கள். அப்புறம்தான் ஸ்பிரிங். தலையின் பக்கத்தில் வட்டமான மூடிக்குள் கடிகார ஸ்பிரிங் மாதிரி சுருண்டிருக்கும். முன்னால் இருக்கும் நட்டை முழுக்கக் கழற்றாமல், மூடி பள்ளத்திலிருந்து வெளிவரும் அளவுக்கு மட்டும் தளர்த்தி, மூடியைக் கையால் இறுகப் பிடித்தபடி ஒரு பள்ளம் சுற்றி மறுபடி உட்கார வையுங்கள். பிடி நழுவினால் தகடு விரலைக் கிழிக்கும், கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். ஸ்பிரிங் முறிந்திருந்தால் அந்த மிஷினைத் தெரிந்த ஃபிட்டரிடம் விடுங்கள், இதில் வீரம் வேண்டாம்.

பொருளைப் பிடித்துச் சுழற்றிவிடுகிறது

மெல்லிய தகடும் பித்தளையும் இதைச் செய்யும், அதுவும் பிட் அடிப்பக்கம் வெளியே வரும் அந்தக் கடைசி நொடியில். தகட்டுக்கு அடியில் பலகை வைத்து இரண்டையும் சேர்த்துக் கிளாம்ப் போடுங்கள். பித்தளைக்கு பிட்டின் வெட்டும் உதட்டில் கல்லால் லேசாக ஒரு தட்டை ஏற்படுத்தினால் கொக்கி மாதிரி இழுக்காது. நீளமான ஆங்கிள் என்றால் அதன் நீண்ட பக்கத்தைப் பில்லரின் இடப்புறம் உரசும்படி வையுங்கள். பிட் பிடித்து இழுத்தாலும் பில்லரில் மோதி நிற்கும், உங்கள் வயிற்றில் வராது. கையுறை போடவே கூடாது. தோளில் துண்டு, அவிழ்ந்த வேட்டி, முடியாத கூந்தல் எதுவும் மிஷின் பக்கம் வர வேண்டாம், சக் சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டு சுவிட்ச் போடும் பழக்கமும்.

நான் ஒரு முறை கேட் தாழ்ப்பாளுக்கு மூன்று மி.மீ. பட்டையைக் கையிலேயே பிடித்துக்கொண்டு ஓட்டினேன், ஒரே ஒரு ஓட்டைதானே என்று. கட்டை விரலில் ஐந்து தையல். மறுநாள் உக்கடம் போய் சி-கிளாம்ப் இரண்டு வாங்கி, மிஷினுக்குப் பக்கத்திலேயே ஆணியில் மாட்டியிருக்கிறேன்.